நித்திரை சுகம் அறியும்!

எட்டு மணி நேரம் படுத்தும் ஐந்தரை மணி நேரமே தூக்கம்... சென்னையில் நடந்த ஆய்வு உழவர் குடும்பங்களுக்குச் சொல்லும் பாடம்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்கு விடியற்காலை 5 மணிக்குப் போனால் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கையை வீசி நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. கொஞ்சம் வடக்கே தள்ளி, அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன. அங்குள்ள மீனவர்களுக்கு அந்த நேரத்தில் பாதி நாள் முடிந்திருக்கும். இருட்டிலேயே எழுந்து, ஃபைபர் படகைத் தள்ளி, கடலுக்குள் போனவர்கள் அவர்கள்.

இந்தக் குப்பத்து மீனவருக்கும், பின்னிரவில் மோட்டார் போட எழுந்து போகும் உழவருக்கும், நான்கு மணிக்குப் பால் கறக்க எழும் பெண்ணுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ‘தூக்கம் போதுமா?’ என்று கேட்டால் மூவரும் சிரிப்பார்கள். ‘படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடுவேன், கல்லு மேலகூடத் தூக்கம் வரும்’ என்பார்கள். ‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்ற பழமொழியும் இதைத்தான் சொல்கிறது.

பசியோடு இருப்பவர் எதையும் சாப்பிடுவார். அதற்காக எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டும் என்று சொல்ல முடியாது. தூக்கமும் அப்படித்தான். களைத்தவருக்கு எங்கே படுத்தாலும் கண் அயரும். ஆனால் அந்தத் தூக்கம் உடம்புக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்ததா என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைச் சென்னையிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

சென்னையில் எடுத்த கணக்கு

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஷில்பாக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கௌதம் ராவ் உள்ளிட்ட 5 பொருளாதார ஆய்வாளர்கள், சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2021-ல் ஓர் உயர்மட்டப் பொருளாதார ஆய்விதழில் வெளியானது.

ஆய்வில் சேர்ந்தவர்களுக்குச் சுமார் ஒரு மாதம் கணினியில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலை கொடுக்கப்பட்டது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு பிழையில்லாமல் பதிவு செய்கிறார்களோ அதற்கேற்பக் கூலி. கையில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டி விட்டார்கள். இரவில் உடம்பு எப்போது அசைகிறது, எப்போது அடங்குகிறது என்பதை அது பதிவு செய்யும். தூங்கிய நேரத்தை அவர்கள் வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல், கருவியால் அளந்தார்கள்.

அளவைப் பார்த்தபோது வந்த விடை இதுதான். சராசரியாக ஒருவர் இரவில் படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம். உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். மீதி இரண்டரை மணி நேரம் எங்கே போனது? புழுக்கம், கொசு, தெருச் சத்தம், உறுத்தும் தரை என்று ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டன. இரவு முழுக்க அவர்கள் தெரிந்தும் தெரியாமலும் விழித்து விழித்துத் தூங்கியிருக்கிறார்கள்.

உழவருக்குப் புரியும்படி சொன்னால், 8 மணி நேரம் மோட்டார் ஓடியிருக்கிறது. ஆனால் வாய்க்கால் நெடுக ஒழுகி, வயலுக்கு வந்து சேர்ந்தது ஐந்தரை மணி நேரத் தண்ணீர்தான்.

அதிக நேரம் படுத்தால் சரியாகிவிடுமா?

ஆய்வாளர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். ஒரு பிரிவினருக்குக் கட்டில், மெத்தை, தலையணை, மின்விசிறி, கண்ணை மறைக்கும் துணி, காதடைப்பான் போன்றவற்றைக் கொடுத்து, நேரத்தோடு படுக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். அந்தப் பிரிவிலேயே சிலருக்கு, அதிகம் தூங்கினால் ஊக்கத்தொகையும் உண்டு. பலனாக, இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது.

வேலைத்திறனும் அதற்கேற்பக் கூடும் என்றுதான் துறை வல்லுநர்கள் பலரும் எதிர்பார்த்தார்கள். கூடவில்லை. பதிவு செய்யும் வேகத்திலோ, கவனத்திலோ, மனநிலையிலோ சொல்லும்படியான மாற்றம் இல்லை. படுக்கையில் கூடுதல் நேரம் இருந்ததால் வேலை நேரம் கொஞ்சம் குறைந்தது.

ஏன் இப்படி? அந்த 27 நிமிடம், படுக்கையில் அதிக நேரம் இருந்ததால் வந்தது. தூக்கத்தின் உடைவு குறையவில்லை. ஒழுகும் வாய்க்காலை அடைக்காமல் மோட்டாரை மட்டும் கூடுதல் நேரம் ஓடவிட்டது போல் ஆகிவிட்டது. தூக்கத்தின் தரம் குறைவாக இருந்தது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

இன்னொரு சோதனையும் நடந்தது. ஒரு பிரிவினரை வேலை செய்யும் இடத்திலேயே, மதியம் அரை மணி நேரம், அமைதியான இடத்தில் படுக்க வைத்தார்கள். இது பலன் கொடுத்தது. அவர்களின் வேலை வேகம் கூடியது. கவனம் கூடியது. மனம் தெளிவாக இருந்தது. மதியம் சும்மா உட்கார்ந்து இடைவேளை எடுத்தவர்களைவிட, தூங்கி எழுந்தவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் இடைவேளையே எடுக்காமல் அந்த அரை மணி நேரமும் வேலை பார்த்தவர்களின் வருமானத்தை அவர்களால் எட்ட முடியவில்லை. மதியத் தூக்கம் பணத்தை அள்ளிக் கொட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அறிவுக்கும் மனதுக்கும் அது நல்லது செய்தது என்பது அளந்து பார்த்த உண்மை.

பொங்கல் தின்ற வயிறோடு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்த தாத்தாவை ‘சோம்பேறி’ என்று திட்டியவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது.

தூங்கும்போது உடம்பு என்ன செய்கிறது?

தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. மேலோட்டமான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று மாறி மாறி வரும். ஒரு சுற்று முடியச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஓர் இரவில் இப்படி நான்கைந்து சுற்றுகள்.

முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். அப்போதுதான் வளர்ச்சி ஹார்மோன் நன்றாகச் சுரக்கிறது. பகலில் தேய்ந்த தசைகளைச் செப்பனிடும் வேலை நடக்கிறது. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கி ஓய்வெடுக்கின்றன. பின்னிரவில் கனவுத் தூக்கம் அதிகம். பகலில் படித்தது, பார்த்தது, கற்றது எல்லாம் நினைவில் பதிய இந்தத் தூக்கச் சுற்றுகள் உதவுகின்றன. தேர்வுக்கு முதல் நாள் இரவெல்லாம் விழித்துப் படித்த பிள்ளைக்கு மறுநாள் காலை எல்லாம் மறந்துபோவது இதனால்தான்.

கொசு கடித்து, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து ஒருவர் விழித்துவிட்டால் மீண்டும் மேலோட்டமான தூக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பத்து முறை விழித்தால் பத்து முறை இறங்கி ஏற வேண்டும். மொத்த மணிக்கணக்கு சரியாக இருந்தாலும் ஆழ்ந்த தூக்கம் குறைந்துவிடும்.

கறவை மாட்டை வைத்து இதை நாம் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறோம். ஒரு கறவை மாடு நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் படுத்து அசைபோட வேண்டும். சாணமும் ஈரமும் நிறைந்த தரையில் படுக்க முடியாமல் நின்றால் பால் குறையும், குளம்பு நோய் வரும் என்று கொட்டகையைச் சுத்தம் செய்கிறோம். வீட்டில் மனிதர்கள் படுக்கும் இடத்துக்கு அந்த அக்கறையைக் காட்டுகிறோமா?

தொட்டாற்சிணுங்கி சொன்ன ரகசியம்

பெசன்ட் நகர், அடையாறு பகுதிச் சாலைகளில் தூங்குமூஞ்சி மரங்கள் உண்டு. பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொள்ளும். புளியும் அகத்தியும்கூட இப்படித்தான். வெளிச்சம் போனதால் மூடுகின்றன என்று நினைப்போம். 1729-ல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஒருவர் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அது பகல் வேளையில் இலையை விரித்தது, இரவு வேளையில் மூடியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அதுதான் முதல் தடயம்.

மனித உடம்பிலும் அந்தக் கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்து வைப்பது வெளிச்சம். காலை வெயில் முகத்தில் பட்டால் ‘பகல் தொடங்கிவிட்டது’ என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். இருட்டினால் மெலட்டோனின் என்ற சுரப்பு கூடித் தூக்கத்துக்குத் தயார்செய்யும். இரவு 10 மணிக்கு முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்தால் அந்தச் சுரப்பு தள்ளிப்போகும்.

தவறான நேரத்தில் வரும் வெளிச்சம் என்ன செய்யும் என்பதைப் பெசன்ட் நகர் கடற்கரையில் கண்ணாலேயே பார்க்கலாம். ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கிறார்கள். மணலிலிருந்து வெளியே வரும் குஞ்சு, வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். இயற்கையில் அது கடலின் பக்கம். தெருவிளக்கு எரிந்தால், கடலை விட்டுச் சாலையை நோக்கி ஊர்ந்துவிடும். குஞ்சுக்குத் திசை தவறுகிறது. நமக்கு நேரம் தவறுகிறது.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்?

1999-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை, 6 இரவுகள் வெறும் 4 மணி நேரம் மட்டும் படுக்க அனுமதித்தார்கள். ஒரே வாரத்துக்குள், ரத்தத்தில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துபோனது. பிறகு நன்றாகத் தூங்கவிட்டபோது அது மீண்டது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு அது. சர்க்கரை நோய்க்கு உணவு, உடல் எடை, பரம்பரை என்று பல காரணங்கள் இருக்கின்றன. தொடர்ந்து தூக்கம் குறைவதும் அந்த வரிசையில் ஒன்று. ரத்த அழுத்தத்துக்கும் இது பொருந்தும்.

நோய் மெதுவாக வரும். விபத்து ஒரு நொடியில் வரும். 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு, தூங்காமல் 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிதானத்துக்குச் சமம் என்று அளந்து சொன்னது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம் என்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 9 மணியோடு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு காய்கறி ஏற்றிய வண்டியோடு கோயம்பேடு சந்தைக்குக் கிளம்பினால், ஒரு சொட்டு மது தொடாதவரும் தடுமாறும் நிலையில்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். டிராக்டர் ஓட்டுவது, தட்டை வெட்டும் இயந்திரத்தில் கை வைப்பது, ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பது, மருந்தின் அளவைக் கலப்பது... எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

மருந்து தெளிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூச்சிக்கொல்லி தெளித்துவிட்டு வந்தபின் மயக்கம், அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், பார்வை மங்கல், வாந்தி இருந்தால் அதைத் தூக்கக் களைப்பு என்று நினைத்துப் படுக்க விடக் கூடாது. நஞ்சு உடம்பில் ஏறியிருக்கலாம். உடுப்பைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் குறைவாகத் தூங்குபவர் யார்?

உழவர் வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவர் பெரும்பாலும் பெண்தான். பாத்திரம் கழுவி, மாட்டுக்குத் தீவனம் போட்டு, மறுநாள் சமையலுக்கு வேண்டியதை எடுத்து வைத்துப் படுக்கும்போது 11 மணி. பால் கறக்க 4 மணிக்கு எழ வேண்டும். படுத்த நேரமே 5 மணி நேரம். இடையில் கைக்குழந்தையோ நோயாளி மாமியாரோ இருந்தால் அதுவும் துண்டு துண்டாகும். மதியம் ஆண்கள் கண் அயரும்போதும் அவருக்கு வேலை இருக்கும்.

இதற்கு மருந்து கடையில் கிடைக்காது. காலைப் பால் கறவையையோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதையோ வீட்டில் மற்றவர்கள் வாரத்தில் சில நாள் எடுத்துக்கொண்டாலே அவருக்கு ஒரு முழுத் தூக்கச் சுற்று கிடைக்கும்.

அடுத்தது இரவுப் பாசனமும் இரவுக் காவலும். மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில் மோட்டார் போடுவதற்காகவே எழுந்து போகிறார்கள். செல்போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் கருவி, கரன்ட் வந்தால் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர், பகலில் மட்டும் இயங்கும் சூரியசக்தி பம்ப்செட் ஆகியவை பணத்தோடு தூக்கத்தையும் மிச்சப்படுத்தும். இவற்றுக்கான மானியம் குறித்து வட்டார வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மக்காச்சோளம், நிலக்கடலை வயலில் பன்றிக்குக் காவல் இருப்பவர்கள் தனித்தனியே விழிப்பதைவிட, பக்கத்து வயல்காரரோடு முன்னிரவு, பின்னிரவு என்று பங்கு போட்டால் இருவருக்கும் 4 மணி நேரமாவது உடையாத தூக்கம் கிடைக்கும்.

ஒழுகும் இடத்தை எப்படி அடைப்பது?

ஒரு வாரம் காலையில் எழுந்ததும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எத்தனை முறை விழித்தேன், எது எழுப்பியது? வீட்டுக்கு வீடு காரணம் மாறும். சென்னை ஆய்வில் கட்டில், மெத்தை கொடுத்தும் உடைவு குறையவில்லை என்பதை மறக்கக் கூடாது. பொருளை வாங்குவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நெருக்கமான நகரத்துத் தெருவில் வீட்டை மாற்ற முடியாது. கிராமத்தில் திண்ணை, முற்றம், மரநிழல் என்று நமக்கு வழி இருக்கிறது.

*புழுக்கம்:* தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். பகலில் சூடேறிய கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். கோடைக்கு முன் மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் தளம் வாங்கும் வெப்பம் குறையும். மாலையில் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வையுங்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குளிப்பது நல்லது. காற்று நான்கு பக்கமும் புகும் கயிற்றுக் கட்டிலுக்கு இணை இல்லை.

*கொசு, பாம்பு:* கொசுவலை இரண்டு வேலை செய்யும். கொசுவைத் தடுத்துத் தூக்கத்தைக் காப்பது ஒன்று. இன்னொன்று உயிர் காப்பது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. எலியைத் தேடி வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்தது பல சமயம் தெரியாது, வலியும் வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல் என்று வரும். ‘அஜீரணம்’ என்று கைவைத்தியம் பார்த்து உயிரை இழந்தவர்கள் உண்டு. கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் செருகிவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். சந்தேகம் வந்தால் உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்து அங்கே உண்டு. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர் மக்கள்.

*டீ, மது:* மாலை 6 மணிக்குக் குடித்த டீயில் உள்ள காஃபினில் பாதி, இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். மதியம் 3 மணிக்குப் பிறகு டீ, காபியைத் தவிர்த்துப் பாருங்கள். மது குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவது போலத் தெரியும். பின்னிரவில் அதுவே தூக்கத்தை உடைக்கும்.

*வெளிச்சம்:* படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு டி.வி.யையும் செல்போனையும் நிறுத்துங்கள். செல்போன் தலைமாட்டில் வேண்டாம். காலையில் எழுந்ததும் வெயிலில் நில்லுங்கள். இதில் உழவருக்கு நகரத்தாரைவிட வசதி அதிகம்.

*மதியத் தூக்கம்:* மதியம் 1 மணி முதல் 3 மணிக்குள் உடம்பு தானாகவே சற்று சோர்வடையும். அந்த நேரத்தில் 20 முதல் 30 நிமிடம் போதும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எழும்போது தலை கனக்கும், இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும். சந்தைக்கு இரவில் வண்டி ஓட்டுபவர்கள் கிளம்பும் முன் இப்படித் தூங்க வேண்டும். வழியில் கண் செருகினால் வண்டியை ஓரம் கட்டி 20 நிமிடம் தூங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. முகம் கழுவுவதும் பாட்டு வைப்பதும் சில நிமிடம்தான் தாங்கும்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

பலமான குறட்டையும், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திடீரெனத் திணறி எழுவதும் இருந்தால், அதைக் கேலி செய்து விட்டுவிடக் கூடாது. தூக்கத்தில் மூச்சடைப்பு என்ற இந்த நோய் ரத்த அழுத்தத்தையும் இதயநோயையும் கொண்டுவரும். படுத்தவுடன் காலில் குடைச்சல் வந்து, காலை ஆட்டினால்தான் நிம்மதி என்று இருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுபவர்கள் சர்க்கரை அளவைச் சோதிக்க வேண்டும். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் காரணமாக இருக்கலாம். விளைச்சல் போனது, கடன் என்று கவலை மனதை அரித்து, வாரக்கணக்கில் தூக்கமே இல்லாவிட்டால் அதற்கும் மருத்துவம் உண்டு. அரசு மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?*
பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமல். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம். இது தூங்கும் நேரம். படுக்கும் நேரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும்.

*பின்னிரவில் விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது?*
புரண்டுகொண்டே இருக்க வேண்டாம். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்காருங்கள். கடிகாரத்தையும் செல்போனையும் பார்க்காதீர்கள். கண் சொருகும்போது மீண்டும் படுங்கள். இப்படிப்பட்டவர்கள் மதியத் தூக்கத்தைச் சில நாள் நிறுத்திப் பார்க்கலாம்.

*அறுவடைக் காலத்தில் தூக்கம் கெடுகிறது. பிறகு சேர்த்துத் தூங்கினால் போதுமா?*
ஓரளவு ஈடாகும், முழுதாக ஆகாது. வேலை நெருக்கும் நாட்களில் மதியம் அரை மணி நேரத்தையாவது விடாதீர்கள். எழும் நேரத்தை ரொம்ப மாற்றாமல், படுக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது நல்லது.

*மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கலாமா?*
மருத்துவர் சீட்டு இல்லாமல் கூடவே கூடாது. வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிய அது காரணமாகலாம். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மதியம் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு மறுபடி போனால், காலையில் நடந்தவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மணல் கொதிக்கும். கரையேற்றி வைத்த படகின் நிழலில், வலைக் குவியலுக்குத் தலையைக் கொடுத்து யாராவது ஒரு மீனவர் தூங்கிக்கொண்டிருப்பார். கடற்காற்று வீசும், கொசு இருக்காது. நாளை இருட்டில் படகைத் தள்ள வேண்டியவர் அவர். வயல்வெளியிலும் அப்படி ஒருவர் மரத்தடியில் படுத்திருந்தால், அரை மணி நேரம் அவரை எழுப்பாமல் இருங்கள்.